படிவத்தில் பிழை இல்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்தது. காகிதத்தை எட்டாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். வேண்டுமென்றால் நானே வைக்கிறேன். வேண்டாமா, சரி, இருக்கட்டும்.

பெயர் ஞானசௌந்தரி. ஏட்டையா மாசானம் அதை ‘ஞானசவுந்தரி’ என்று தட்டியிருக்கிறார். பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஆதாரில் ‘சௌ’தான். அதைச் சொன்னால், “எம்மா, நீங்க நடந்ததச் சொல்லுங்க, எழுத்தப் பெறவு பாத்துக்கிடுவோம்” என்கிறார். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன ஒருவர் வீட்டுப் பத்திரிகையில் ‘திருமண விழா’ என்பது ‘திருமரண விழா’ என்று அச்சாக இருந்தது. நான் பார்த்ததால் அந்தக் குடும்பம் தப்பித்தது.

வயது ஐம்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. இந்தத் தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை, தேவாலயத்தில் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும்போது கொடுக்கிற புதுநன்மை அட்டை, கண்ணீர் அஞ்சலி, கொடியேற்ற நோட்டீஸ், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். பிழை திருத்துகிறவள் பெயர் எந்தத் தாளிலும் அச்சாகாது. பிழை வந்தால் மட்டும் எல்லார் வாயிலும் வரும். என் பெயர் யார் வாயிலும் வந்ததில்லை.

அச்சகத்தை மூடியபோது, மிச்சமிருந்த மாதிரி அட்டைகளை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல தடிமனான அட்டைகள். ஓர் அட்டை அரை மில்லிமீட்டர் இருக்கும்.

பிறகுதான் டாக்டர் கிருபாநிதியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் இயன்முறைச் சிகிச்சை நிலையம் வைத்திருந்தார். அதிலேயே ஓர் அறையில் ஆராய்ச்சி. ஓடுகிறவர்களின் கெண்டைக்காலுக்கு ஓர் இயந்திரம். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்களே, அதையே கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நீட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் காலைப் பிடித்துப் பிடித்து விடும். வலி குறையும், ஓட்டம் கூடும் என்று டாக்டர் நம்பினார். நம்பினால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார். அதற்காக இருபத்துநாலு பேரைச் சேர்த்தார். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள்.

அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வலது காலுக்கு மட்டும் இயந்திரம். இடது காலுக்கு ஒன்றும் கிடையாது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே பெண்டாட்டி. இரண்டு காலுக்கும் வித்தியாசம் வந்தால் அது இயந்திரத்தால்தான். மூலத்தையும் அச்சுப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல.

இன்னொரு விதியும் இருந்தது. யார் காலில் என்ன நடக்கிறது என்பதை ஆராய்கிறவர் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். அதனால் டாக்டர் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் நாற்பத்தெட்டுக் கால்களும். பூர்த்தியான படிவம் மட்டும் திரைக்கு அடியில் போகும்.

படிவத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஒரு கோடு, வலி எவ்வளவோ அங்கே குறிக்க வேண்டும்.

“இது இங்க சரிப்படாதுக்கா,” என்றார் டாக்டர். “நம்மகிட்டச் சேர்ந்த அம்புரோஸ் அண்ணாச்சிட்ட குடுத்தேன். நூத்துக்கு நூறு போட்டுட்டு, ‘பாஸாயிட்டனா டாக்டர்’னு கேக்கிறாரு. தமிழ்ல எளிமையா ஒண்ணு எழுதித் தாங்க.”

எழுதிக் கொடுத்தேன். இப்படி:

இன்றைய வலி
வலது: முழு – முக்கால் – அரை – கால் – இல்லை
இடது: முழு – முக்கால் – அரை – கால் – இல்லை

இதைவிட எளிமையாகத் தமிழில் எழுத முடியாது. சந்தையில் மீன் வாங்கத் தெரிந்தவருக்கும் இந்த அளவு தெரியும். டாக்டர் ஐநூறு படிவம் அச்சடிக்கச் சொன்னார். அடியில் சின்ன எழுத்தில் ‘தமிழ்ப் படிவம்: ஞானசௌந்தரி’ என்று போடச் சொன்னதும் அவர்தான். “கட்டுரை வெளிநாட்டு ஜர்னல்ல வரும்போது இதுவும் கடைசிப் பக்கத்துல வரும்க்கா, உங்க பேரோட” என்றார். அன்று வீட்டுக்குப் போய் அந்தப் படிவத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தேன். ‘சௌ’ சரியாக விழுந்திருந்தது.

வந்தவர்களில் இரண்டு மூன்று பேரைச் சொன்னால் போதும். அம்புரோஸ் அண்ணாச்சி துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயதில் மூத்தோர் ஓட்டத்தில் கோப்பை வாங்குகிறவர். மூஸா காயல்பட்டினத்துக் கால்பந்துக்காரர். டெரன்ஸ் நானூறு மீட்டர் ஓடுகிற பையன். பையன் என்ன, கல்யாணமானவன், செப்டம்பரில் இருபத்தேழு முடியப்போகிறவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஓட்டத் தேர்வு. இருபத்தேழு முடிந்தால் அதற்குப் பிறகு சேர்க்கமாட்டார்கள். போன இரண்டு தேர்விலும் நூலிழையில் விட்டவன். இதுதான் கடைசி. ஆறு வாரமும் ஒழுங்காக வந்தால் டாக்டர் உடற்தகுதிச் சான்றிதழ் தருவார் என்பதற்காக எங்களிடம் சேர்ந்தான். அவன் மனைவி விஜிலா மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

முதல் வாரத்துப் படிவங்களை அடுக்கியபோது பார்த்தேன். இருபத்துமூன்று பேர், இரண்டு காலுக்கும், எல்லா நாளும் ‘கால்’ என்றே குறித்திருந்தார்கள். டெரன்ஸ் மட்டும் வலதுக்கு ‘இல்லை’, இடதுக்கு ‘கால்’ என்று போட்டிருந்தான்.

அம்புரோஸ் அண்ணாச்சியிடம் கேட்டேன். “அண்ணாச்சி, வலி கால்வாசிதான் இருக்கா?”

“என்னம்மா கேக்க. வலது, கால். இடது, கால். ரெண்டுலயும் டிக்கு போட்டிருக்கேன்லா. பெறவு என்ன கையிலயா வலிக்கும்?”

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு என்று நான் கேட்டிருக்கிறேன். எங்கே என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரிடம் சொல்லத்தான் எழுந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவரே முந்திக்கொண்டார். “அக்கா, ஒருத்தனத் தவிர அத்தனை பேருக்கும் ஒரே அளவுல வலி. ஆரம்ப அளவு இவ்ளோ சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. உங்க ஃபார்ம் அருமையா வேலை செய்யுது.”

ஒருவர் மனதாரப் பாராட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் வாரமும் ‘கால்’. வலி இருந்தது காலில்தானே, அது எங்கே போகும். இயந்திரம் வலது காலை என்னதான் பிடித்துவிட்டாலும் ‘கால்’ ‘கால்’தான். டாக்டர் சோர்ந்துபோனார். “மெஷின் ஒண்ணும் பண்ணலையேக்கா. இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். இல்லன்னா எல்லாத்தையும் மூட்டைகட்டிருவோம். ஃபார்ம், அட்டவணை, எல்லாத்தையும்.”

நான் நிதானமாக யோசித்தேன், ஐயா. மூலம் ஒன்று சொல்கிறது, அச்சுப்படி ஒன்று சொல்கிறது என்றால், இரண்டில் எதைத் திருத்த முடியுமோ அதைத் திருத்த வேண்டும். படிவம் அச்சாகிவிட்டது, ஐநூறு. அச்சானதில் கை வைக்க முடியாது. கால்கள் இன்னும் அச்சாகவில்லை.

‘அரை’ என்றால் பாதி மட்டுமா? இடுப்புக்கும் அரை என்றுதான் பெயர். அரைஞாண்கயிறு அங்கேதானே கட்டுகிறோம். ஆக, இடது காலில் இருக்கிற வலியைக் கொஞ்சம் மேலே, இடுப்புவரை ஏற்றிவிட்டால், கேள்வி மாறாமலே பதில் மாறும். வலதுக்குக் கால், இடதுக்கு அரை. இயந்திரம் போட்ட காலைவிட, போடாத காலில் வலி இரண்டு மடங்கு. அதுதானே டாக்டர் நிரூபிக்க நினைத்தது. நான் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

வலியை மேலே ஏற்றுவது எப்படி என்பதும் டாக்டர் மேசையிலிருந்த புத்தகத்திலேயே இருந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. படம் போட்டிருந்தது. ஒரு குதிகாலுக்கு அடியில் கட்டை வைத்திருந்தார்கள். அம்புக்குறி முழங்கால் வழியாக இடுப்புக்குப் போனது. வைக்காதே என்பதற்காகப் போட்ட படம் என்று இப்போது ஏட்டையா சொல்கிறார். படத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

சாக்கைப் பிரித்தேன். கல்யாண அட்டைகளைக் குதிகால் வடிவத்தில் வெட்டினேன். ஓர் ஆளுக்கு ஆறு அட்டை. இயந்திரத்தில் கால் வைக்க எல்லாரும் சூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் இடது சூவுக்குள் வைத்தேன். கேட்டவர்களிடம் ‘தாங்கி’ என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஒரு நல்ல தமிழ்ச்சொல்லைச் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒன்பது பேர் இடதுக்கு ‘அரை’ குறித்தார்கள். அம்புரோஸ் அண்ணாச்சி வேட்டிக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

“அரணாக்கயிறு கட்டுத எடத்துல புடிக்கும்மா. ஃபாரத்துல அரைன்னு சரியாப் போட்டிருக்கிய. அதுல டிக்கு போட்டுட்டேன்.”

எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது. படிவத்தில் பிழையே இல்லை. எந்த அர்த்தத்தில் படித்தாலும் சரியாக வந்தது.

ஆறு அட்டையைப் பன்னிரண்டாக்கினேன். ‘அரை’ பதினெட்டுப் பேர் ஆனது. ஐந்தாம் வாரம் இருபது அட்டை. ஒரு சென்டிமீட்டர். அந்த வாரம் அண்ணாச்சி கம்பு ஊன்றிக்கொண்டு படியேறினார். படிவத்தைப் பார்த்தேன், ‘முக்கால்’.

“முக்காலா அண்ணாச்சி?”

“பின்ன. கம்பையும் சேத்து மூணுல்லா.”

மூஸா ‘முழு’ குறித்தார். தொழுகையில் உட்கார முடியவில்லை, பள்ளியில் நாற்காலி போட்டுத் தொழுகிறேன் என்றார். “எங்க வாப்பாவே தரையில இருந்து தொழுவுறாஹ. நான் பக்கத்துல நாக்காலியில. வாப்பா ஒரு பார்வை பாத்தாஹ பாருங்க.” நான் அதையும் குறிப்புப் பகுதியில் எழுதினேன். விவரம் விடுபடக் கூடாது.

ஓட்டத்தை அளப்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒற்றைக் காலில் நொண்டியடித்து எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று நாடா வைத்துப் பார்ப்பது. வலது காலில் எல்லாரும் முன்னைவிட ஒரு முழம், ஒன்றரை முழம் கூடப் போனார்கள். பொய்யில்லை, நான்தான் அளந்தேன். வீட்டுக்கும் கடைக்கும் வேலைக்கும் அவர்கள் அந்த ஒரு காலை நம்பித்தானே இரண்டு வாரமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நல்ல பயிற்சி.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டர் ஒருநாள் கேட்டார். “வெளியில என்னக்கா, டக்கு டக்குன்னு ஒரே சத்தம்?”

“அண்ணாச்சி கம்பு, டாக்டர்.”

“வேண்டாம், வேண்டாம், எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் தெரிஞ்சுக்கக் கூடாது.”

அவரை நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. அவர் விதிப்படி நடந்தார். முடிவுகளைப் பார்த்து அந்த வாரம் எனக்கு மக்ரூன் இனிப்பு வாங்கிவந்தார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். “டெரன்ஸ் ஒருத்தன்தான்க்கா அட்டவணையக் கெடுக்கிறான். எல்லாருக்கும் எடது அரை, முக்கால்னு போகுது. இவன் மட்டும் இன்னும் கால்லயே நிக்கிறான்.”

அதற்குக் காரணம் விஜிலா.

நாலாம் வாரம் ஒரு மத்தியானம் அவள் நேராக ஆராய்ச்சி அறைக்கே வந்துவிட்டாள். இறால் வாசனையோடு, கையில் பன்னிரண்டு அட்டை.

“நீங்கதானா ஞானசௌந்தரி அக்கா? மாப்பிள்ளையூரணில இருந்து ரெண்டு பஸ்சு மாறி வாரேன். இது எம் மாப்பிள்ள சூவுக்குள்ள கெடந்துது. ‘அன்புடையீர்’னு ஆரம்பிக்கி. யாருக்குக் கல்யாணம்?”

“பழைய அட்டைம்மா. குதிகாலுக்குத் தாங்கி.”

“பன்னெண்டு கல்யாணத்தையா காலுக்கடியில போட்டு மிதிக்காவ?”

“ஆராய்ச்சிக்கு.”

“சரி, எடது காலுக்கு மட்டும் என்னத்துக்கு? எங்க கம்பெனியில தராசுக்கு ஒரு தட்டுக்கடியில மட்டும் புளியை ஒட்டுனா அதுக்கு வேற பேருக்கா. நெதமும் நான்தான் இவுக காலுக்கு எண்ணெ தேய்க்கேன். எடது முட்டி வீங்கிக் கெடக்கு. ஓட்டம் எப்பம்னு தெரியும்லா? பிள்ள வேற உண்டாயிருக்கேன். இது கெடைக்கலன்னா அவுக கொத்தனாரு வேலைக்குப் போணும்.”

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கர்ப்பிணி மாடியேறி வந்திருக்கிறாள். பொறுமையாகச் சொன்னேன்: தாங்கியை எடுத்தால் ஆராய்ச்சியிலிருந்து நீங்கிய மாதிரி. நீங்கினால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் கொடுக்காவிட்டால் தேர்வில் ஜெயித்தாலும் வேலை தரமாட்டார்கள். இதில் கடைசி இரண்டும் உண்மை.

“அப்பம் வைங்க,” என்று அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். “வச்சுத் தொலைங்க.”

ஆனால் அவன் இங்கே வைத்துக்கொண்டு படி இறங்குவான், தெருமுனையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் கோபப்படவில்லை. இளைஞன், பெண்டாட்டி சொல்லைக் கேட்கிறான். முட்டி வீக்கமும் வடிந்துவிட்டது. படிவத்தில் வலது ‘இல்லை’, இடது ‘கால்’, சில நாள் ‘இல்லை’. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை தப்பாது என்றான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அட்டவணையில் இருபத்துமூன்று வரிசை ஒரு மாதிரி, ஒரு வரிசை வேறு மாதிரி. பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும். இவன் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பான். கேட்டால் படிவத்தை எடுத்துப் படிப்பான்.

வெள்ளிக்கிழமை, தேர்வுக்கு முந்தின நாள், காலையில் டெரன்ஸ் வந்தான். நாளைக்குப் போடப்போகிற, அடியில் ஆணி வைத்த முள் சூவைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கடன் வாங்காமல், இறால் காசில் விஜிலா வாங்கிக்கொடுத்ததாம். அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

“நாளைக்கு ஓட்டத்திலயும் தாங்கி இருக்கணும்பா,” என்றேன். “ஓடி முடிச்சதும்தான் கடைசிப் படிவம். அப்பத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவாங்க.”

“ஓடும்போதுமாக்கா?”

“ஒரு நாள்தானே.”

துணியைப் பிரித்தான். “ஒரு நாள்தான,” என்று சொல்லிச் சூவைக் கொடுத்தான்.

இந்தத் தடவை அட்டையைச் சும்மா வைக்கவில்லை. இடது சூவின் உள்தோலைத் தூக்கி, பன்னிரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, தோலை மேலே படியவிட்டேன். தெருமுனையில் எடுக்க வராது. பசை காய நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவனும் நானும் டீ குடித்தோம். பெண் பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம், நல்ல தமிழ்ப் பெயராக ஒன்று சொல்லுங்கக்கா என்று கேட்டான். மூன்று பெயர் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை தருவை மைதானத்துக்கு நானும் போயிருந்தேன். படிவம் வாங்க வேண்டும் அல்லவா. முதல் இருநூறு மீட்டர் அவன்தான் முன்னால். விஜிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வாராவ பாரு, வாராவ பாரு” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவைத் தாண்டியதும் இடது கால் உள்ளே மடங்கியது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் ஓடியவர்களுக்குக் கேட்டதாம், கம்பு முறிகிற மாதிரி. அவன் விழவில்லை. மீதித் தூரத்தை வலது காலில் நொண்டியடித்தே வந்தான். நாடா கையில் இருந்தது, பிறகு அளந்தேன், எழுபத்திரண்டு மீட்டர். எங்கள் ஆராய்ச்சியில் வேறு யாரும் அதில் பாதிகூடப் போனதில்லை. கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டிவிட்டு உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் முழங்கால் ஜவ்வு மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது என்றார்கள். நடக்கலாம், ஓட முடியாது என்றார்கள். வீக்கத்தில் சூவைக் கழற்ற வரவில்லை, வெட்டி எடுத்தார்கள். அட்டைகள் அப்போதுதான் வெளியே வந்தன. நான் அந்த நேரத்தில் வார்டு வாசலில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். விஜிலா என்னைப் பார்த்தாள்.

“என்ன வேணும்?”

“கடைசிப் படிவம் ஒண்ணு பாக்கி இருக்கும்மா.”

அவள் அடிக்க வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். மற்றவர்களைப் போல இல்லை அவன், எப்போதும் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பான். இடதுக்கு ‘முழு’ என்று குறித்துக் கொடுத்தான். அட்டவணை நிறைவாகிவிட்டது.

அந்த அட்டைகளோடுதான் விஜிலா இங்கே வந்து புகார் கொடுத்தாள். அட்டைகளின் ஓரத்தில் என் கையெழுத்தில் பிழைத்திருத்தக் குறிகள் இருக்கின்றன, அதனால் மறுக்க முடியாது என்று நினைத்தீர்கள். நான் எதையும் மறுக்கிறவள் இல்லை, ஐயா. இருபத்துநாலு பேர் இடது காலுக்கும் நானே பொறுப்பு. டெரன்ஸ் சூவில் ஒட்டினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படம் இருந்தது, அதையும் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன். மற்றவர்களில் பத்தொன்பது பேர் அட்டையை எடுத்ததும் சரியாகிவிட்டார்கள். மீதி நாலு பேர் பழகிக்கொண்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள். ‘பொறுப்பு’ வல்லின ‘று’, ஏட்டையா.

என்ன கேட்டீர்கள்? படிவத்தில் குழப்பம் இருக்கிறது என்று ஒருவர்கூட முன்னால் சொல்லவில்லையா என்றா?

சொன்னார்கள். ஒருவர். படிவம் அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் டெரன்ஸ் பெயர் பதிய வந்தான். நான் கையால் எழுதிய பிரதி மேசைமேல் இருந்தது. எடுத்துச் சத்தமாகப் படித்தான்.

“எக்கா, வலது கால், இடது கால்னுல்லா இதப் படிப்பாங்க. அளவுன்னு எவன் நெனைப்பான்? எங்க அம்புரோஸ் அண்ணாச்சிட்டக் குடுத்தா முக்கால்னா மூணு காலான்னு கேப்பாரு பாத்துக்கிடுங்க. கால்வாசின்னு போட்டுருங்க. ரெண்டே எழுத்துதான.”

சரியாகத்தான் சொன்னான். ‘வாசி’, இரண்டு எழுத்து. பிரதியும் என் முன்னால் இருந்தது, பேனாவும் கையில் இருந்தது, இரண்டு நாள் அவகாசமும் இருந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன். இத்தனை வருடத்தில் என் பிரதியை இன்னொருவர் திருத்தியதில்லை.

ஆனால் அதற்கும் அவன் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், ஐயா. என் பிரதியைப் படித்துவிட்டு அவன் சிரித்ததை நான் மனசில் வைக்கவே இல்லை. மூன்று தரம்தான் சிரித்தான். மூன்றாவது தரம் மட்டும் கொஞ்சம் நீளம்.